நெல்டாவின் முறை

ஏப்ரல் திங்களின் இரண்டாம் சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. ஃபிரிஸ்கோ நகரின் வடபுறத்தில், ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை போன்ற புதுவீடுகள் நிறைந்த குடியிருப்பிலிருந்து புறப்பட்டோம். மகிழுந்தை ஓட்டியவள் என் மகள் சமீமா. பின்னிருக்கையில், கறுப்புத் துணியுறைக்குள், இருக்கைவாரும் பூட்டப்பெற்று, டல்சிமர் என்னும் அவளுடைய நரம்பிசைக் கருவி சாய்ந்திருந்தது. என் மடியில் ஒரு நெகிழிப்பை. அதனுள் பாளையங்கோட்டையிலிருந்து நான் கொணர்ந்திருந்த பொன்னாடை. எங்கே பயணம் போனாலும் என் பெட்டியில் பொன்னாடை இரண்டேனும் இருக்கும். கல்லூரியில் தமிழ் கற்பித்தும் மேடைகளில் உரையாற்றியும் கழிந்த ஆண்டுகளில் எனக்கு அணிவிக்கப்பட்டவை வீட்டில் ஒரு பேழை நிறைய இருக்கின்றன. அவற்றை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிடுவது எங்கள் வட்டாரத்து அறிஞர்கள் அனைவரும் அறிந்த, எவரும் வெளியே சொல்லாத நடைமுறை.

புறப்படுவதற்குச் சற்று முன்பு நெல்லையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இரவுணவு முடியும் வேளை. எங்கள் இலக்கிய மன்றத்தின் செயலாளர், நான் ஊர் திரும்பியதும் நடக்கவிருக்கும் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் வகுத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல ஐயாவோட சிறப்புரை. அப்புறம் நேரம் இருந்தா வில்லுப்பாட்டு வச்சுக்கிடலாம்ங்கய்யா" என்றார். அவ்வாறே ஆகட்டும் என்றேன். டெக்சாஸில் நான் காணச் செல்லும் இசைக்கருவியைப் பற்றிச் சொன்னதும், ஒரு படம் அனுப்புமாறும், விழா மலரில் போட்டுவிடலாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் போக வேண்டிய ஊர் வெதர்ஃபோர்ட்; தென்மேற்கே ஏறத்தாழ எழுபது கல் தொலைவு. குடியிருப்பின் முனையிலிருந்த நிலையத்தில் கேலன் இரண்டு டாலர் எழுபத்தொன்பது சென்ட் விலையில் எரிநெய் நிரப்பிக்கொண்டு, 121ஆம் எண் கட்டணச் சாலையில் ஏறினோம். இந்நாட்டில் வண்டியின்றி உப்பும் வாங்க இயலாது என்பதை வந்த முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டேன். காலையில் நடக்கப் புறப்பட்ட என்னை இருவர் வண்டியை நிறுத்தி, உதவி தேவையா என்று கேட்டனர். சாலை வானூர்தி நிலையத்தை ஒட்டிச் சென்று ஃபோர்ட் வொர்த் நகரை அடைகிறது. அதன்பின் மேற்கே திரும்பினால் வீடுகள் அருகி, வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள் தொடங்குகின்றன. இருமருங்கும் புளூபானெட் என்னும் நீலப்பூக்கள் புல்லை மறைத்துப் பூத்திருந்தன. வண்டிகளை ஓரங்கட்டிப் பூக்களின் நடுவே பிள்ளைகளை அமர்த்திப் படம் பிடித்தவர் பலர்.

அங்கே மாதந்தோறும் கூடும் டல்சிமர் வட்டத்தில் என்ன நடக்கும் என்று மகளிடம் வினவினேன்.

"அங்க ஸ்டேஜெல்லாம் கிடையாது வாப்பா. வட்டமா உட்காருவாங்க. ஒவ்வொருத்தர் டர்ன்லயும் அவங்க ஒரு ட்யூன் சொல்லுவாங்க, எல்லாரும் சேர்ந்து மூணு தடவை வாசிப்பாங்க. வேணாம்னா 'பாஸ்'னு சொல்லலாம். அடுத்தவங்களுக்குப் போயிடும். நீங்க பாஸ் சொல்லிடுங்க."

அச்சொல்லுக்கு நேரான தமிழ் யாதெனச் சிறிது சிந்தித்து, 'வழிவிடுகிறேன்' என்பது பொருந்தும் என்றேன்.

"வார்த்தை நல்லாத்தான் இருக்கு. விட்டீங்கன்னா சரி" என்றாள்.

பிறகு நெல்டாவைப் பற்றிச் சொன்னாள். எண்பதைக் கடந்த மூதாட்டி, கணவரை இழந்தவர். ஈராண்டுக்கு முன் வெதர்ஃபோர்ட்டின் பீச் பழத் திருவிழாவில் ஒரு நிழற்கூடாரத்தின்கீழ் அவர் வாசித்துக்கொண்டிருக்க, சமீமா விலகாமல் நின்று பார்த்திருக்கிறாள். நெல்டா ஒன்றும் கேளாமல் தம் கருவியை எடுத்து இவள் மடியில் வைத்துவிட்டாராம். அன்றுமுதல் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை இவள் இத்துணைத் தொலைவு ஓட்டிச் செல்கிறாள். கணவனும் பிள்ளைகளும் இன்றி, அலுவலகத்து அடையாள அட்டையும் இன்றி அவள் செல்லும் ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அன்றே தெரிந்தது.

"இன்னைக்கு அவங்களுக்கு லாஸ்ட் ஜாம் வாப்பா, கடைசியா எங்களோட சேர்ந்து வாசிக்கிறது. மிசூரில இருக்கிற பையன் சாயங்காலமே கூட்டிட்டுப் போயிடுறார். அவங்க சீட் எப்பவும் கடைசி. அவங்க அம்மா வாசிச்ச ட்யூன் ஒண்ணு இருக்கு, அதைத்தான் வாசிப்பாங்க. அதை வாசிச்சிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பணும்னு எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க. நாலு மணிக்கு ஹாலை விட்டுடணும், வேற பார்ட்டி இருக்கு. அதனால கொஞ்சம் பார்த்துக்குங்க."

"இரண்டு சொல் பேசினால் குற்றமா?" என்றேன்.

"ரெண்டு சொல்லுன்னா ஓகே. நீங்க ரெண்டு சொல்லு பேசி நான் பார்த்ததே இல்லையே."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது எண்ணினாலும் கன்னம் சுடுகிறது.

பிற்பகல் ஒன்றேகாலுக்கு வெதர்ஃபோர்ட் சேர்ந்தோம். நடுவூரில் கோபுரமுடைய பழைய கல் நீதிமன்றம். அதனைச் சுற்றிச் சதுரமாகக் கடைகள். பீச் பழம் காய்க்கும் பருவம் இன்னும் வரவில்லையாதலால் குப்பிகளில் அடைத்த பழப்பாகு மட்டுமே விற்றது. குப்பி எட்டு டாலர். கூட்டம் நடக்கும் பொதுமண்டபம் கடைவீதிக்குச் சற்று அப்பால், மரத்தரையும் உயரமான பலகணிகளும் கொண்ட நீண்ட ஒற்றை அறை. அதன் பின்புறத்துப் பிக்கான் மரநிழலில் விரிப்பிட்டு ளுஹர் தொழுகையை முடித்தோம். திரும்பியபோது நரைத்த தாடியும் நெடிய உடலுமுடைய ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் டேல். மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்தது. ஆதலின் அவரே அவைத்தலைவர் என முடிவு செய்தேன். இங்கே தலைவர் எவரும் இல்லை என்று சமீமா சொன்னதை அவளுடைய அறியாமை என்று தள்ளினேன். தலைவரில்லாத கூட்டத்தை நான் கண்டதில்லை.

வாயிலருகே ஒரு காப்பித் தகரக்குவளை இருந்தது. மண்டப வாடகைக்காக ஒவ்வொருவரும் ஐந்து டாலர் அதில் இட்டனர். இருவருக்குமாகப் பத்து டாலர் இட்டுவிட்டு உள்ளே சென்றோம்.

இக்கருவியைக் காணாத அன்பர்களுக்காகச் சொல்கிறேன். டல்சிமர் என்ற பெயரில் கோலால் தட்டி இசைக்கும் பெரிய கருவி ஒன்றும் உண்டு; இது அதுவன்று. அமெரிக்காவின் கிழக்கேயுள்ள அப்பலாச்சியன் மலைக்குடிகளிடையே வளர்ந்த மலை டல்சிமர். செருமானியக் குடியேறிகள் கொணர்ந்த நீள்பெட்டிக் கருவியொன்றின் வழிவந்தது என்பர். மூன்றடிக்குச் சற்றே குறைந்த நீளம்; உடுக்கைபோல் இடைசிறுத்த மெல்லிய மரவுடல்; மேற்பலகையில் வெற்றிலை வடிவில் நான்கு துளைகள். இதனைத் தோளில் ஏந்துவதில்லை. மடியில் குறுக்கே கிடத்துகின்றனர். தனியே கழுத்து என ஒன்றில்லை. உடலின் மேலேயே நீளவாக்கில் ஒரு மேட்டுப்பட்டை ஓட, அதில் கம்பிப்படிகள் பதிந்துள்ளன. நரம்புகள் நான்கு. நம் பக்கம் உள்ள இரண்டும் ஒட்டி நின்று ஒன்றாய் ஒலிக்கும். மெட்டு அவற்றில் நடக்கும். ஏனைய இரண்டும் மாறாத ஒலியை அடியில் நிறுத்தும். நாகசுரத்துக்கு ஒத்து எப்படியோ அப்படி. இடக்கையில் விரலளவு மரக்குச்சியால் நரம்பை அழுத்தித் தள்ளிக்கொண்டே போவதும், வலக்கையில் ஒரு சிறு நெகிழித் தகட்டால் அனைத்து நரம்புகளையும் வருடுவதும் பழைய முறை. தகட்டுக்குப் பதில் முன்பு வான்கோழி இறகின் காம்பு இருந்ததாம். கேட்டவுடன் எனக்கு எங்கள் பக்கத்துப் புல்புல் தாரா நினைவுக்கு வந்தது.

நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டிருந்தன. கதவருகே டேல். அங்கிருந்து முறை தொடங்கி இடமாகச் சுற்றிவரும். பலகணி ஓரத்துக் கடைசி நாற்காலி நெல்டாவுடையது. விருந்தினனாகிய என்னை அவருக்கும் சமீமாவுக்கும் இடையில் அமர்த்தினர். ஆக வட்டத்தின் முறை சமீமாவுக்கு வந்து, பின் எனக்கு வந்து, எனக்குப்பின் நெல்டாவுக்கு வரும்.

நெல்டா சிறிய உடலினர். வெளிர்மஞ்சள் மேற்சட்டையும், புறப்படுவதற்கு ஆயத்தமாக வெண்ணிற நடைக்காலணியும் அணிந்திருந்தார். விருந்தினருக்கென வைத்திருக்கும் கருவியொன்றை அவரே எடுத்துவந்து என் மடியில் கிடத்தினார். அஞ்ச வேண்டாம், இக்கருவியைச் செய்தவனே பிழையான ஒலிகளை இதில் வைக்காமல் விட்டுவிட்டான் என்றார். கம்பிப்படிகள் ஏழொலிக்கு உரியவை மட்டுமே உண்டு என்பதை அப்படிச் சொன்னார். சமீமா மொழிபெயர்ப்பதற்கு முன்பே நான் நகைத்துவிட்டேன். ஆங்கிலம் எனக்கு விளங்கும். மேடையில் பேசுவது தமிழில் மட்டுமே என்பது என் நோன்பு.

இரண்டு மணிக்கு டேல் ஒரு பாட்டின் பெயரைச் சொல்ல, வாசிப்பு தொடங்கியது. மிக மெல்ல வாசித்தனர். அவ்வட்டத்தில் எவருக்குக் கை மிகவும் தாமதமோ அவருடைய விரைவே அனைவருக்கும் விரைவு. மூன்று முறை வாசித்ததும் நிறுத்தினர். கைதட்டல் இல்லை, பாராட்டு இல்லை, அடுத்த நாற்காலி அடுத்த பாட்டைச் சொன்னது. சிலர் பாஸ் என்றனர். அதைச் சொன்னவருக்கும் முகம் மாறவில்லை, கேட்டவருக்கும் மாறவில்லை. கைப்பேசிகள் அனைத்தும் வாயிலருகே ஒரு பிரம்புக் கூடையில் கிடந்தன. வட்டத்தில் எவரும் படமோ ஒலியோ பதிவதில்லை என்பது அவர்கள் வழக்கம். பதினைந்து கருவிகளின் ஒத்து நரம்புகள் ஒருசேர ஒலிக்கையில் அவ்வொலி மரத்தரை வழியே இறங்கி என் கால்களில் ஏறியது.

நான் அதனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று எழுதினால் பொய்யாகும். நான்காவது பாட்டு முதல் நான் உரை கட்டிக்கொண்டிருந்தேன். இக்கருவியின் குடைந்த உடலைக் கண்டதும் யாழின் பத்தர் என்றது மனம். முறுக்காணியைக் கண்டதும் மாடகம் என்றது. மலைக்குடி மக்கள், மடியில் ஏந்தும் நரம்புக்கருவி, தாய்வழி வந்த மெட்டு. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தொடக்கமும் முடிவும் கூட அமைந்துவிட்டன.

சமீமாவின் முறை வந்தபோது கடிகாரம் மூன்று இருபதைத் தாண்டியிருந்தது. அவள் ஒரு சிறு பாட்டைச் சொன்னாள். மூன்று முறை வாசிக்க வேண்டியதை ஒருமுறையே போதும் என்று தலையசைத்து நிறுத்திக்கொண்டாள். மகளுக்குக் கூச்சம் போலும் என்று எண்ணினேன். பிறகு டேல் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வழிவிடுவதற்கு அதுவே இடம்.

நான் எழுந்தேன். மடியில் கருவியிருப்பதால் அவ்வட்டத்தில் எவரும் எழுந்து நிற்பதில்லை. என் கருவியை என்ன செய்வது? பக்கத்திலிருந்த நெல்டாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கித் தம் கருவியின் மேல் வைத்துக்கொண்டார்.

முதலில் விளித்தல். வட்டத்தினர் அனைவர் பெயரையும் கூட்டம் தொடங்குமுன்பே மகளிடம் கேட்டு மனத்தில் இருத்தியிருந்தேன். அவைத்தலைவர் டேல் பெருமகனார் அவர்களே என்று தொடங்கி, ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய அடைமொழியோடு அழைத்து முடித்தேன். சமீமா அதனை, எல்லோருக்கும் வணக்கம் என்கிறார் என்று ஒரே தொடரில் ஆங்கிலப்படுத்தினாள். "பெயர்களையும் சொல்லம்மா" என்றேன். சொன்னாள்.

அடுத்து யாழின் வகைகள். அடுத்து பத்தர், மாடகம், நரம்பு, ஒத்து. நான் நீளமாகச் சொன்னவற்றை அவள் குறுக்கிக்கொண்டே வந்தாள். குறுக்கக் குறுக்க, கருத்து போய்ச் சேரவில்லையே என்று நான் விரித்தேன். "வாப்பா, டைம்" என்று மெல்லச் சொன்னாள். ஆயிற்று என்றேன். அதன்பின் நெல்டாவுக்கு வந்தேன். தாயின் விரலில் பிறந்து மகளின் விரலில் வளர்ந்த பண்ணொன்று இன்று டெக்சாஸ் மண்ணை விட்டு நீங்குகிறது என்று குரலை உயர்த்திச் சொல்லி, எங்கள் மேடைகளில் கைதட்டல் எழும் அளவுக்கு இடைவெளி விட்டேன். ஒலி எழவில்லை. நெல்டா இரு கருவிகளும் நழுவாமல் கைகளால் அணைத்தபடி அண்ணாந்து என்னையே பார்த்துப் புன்னகைத்தார். "வாப்பா, போதும்" என்றாள் மகள். ஒரே ஒரு கருத்து என்றேன்.

இறுதியாகப் பொன்னாடை. நெல்டாவைத் தாண்டிச் சென்று டேலின் முன் நின்றேன். என்ன செய்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. சமீமா சொன்னதும் தலையைக் குனிந்து கொடுத்தார். சரிகைக் கரையை முன்பக்கம் தெரியுமாறு இழுத்துவிட்டு, கையைக் குலுக்கியவாறே நின்று, "ஒரு படம் எடும்மா" என்றேன். அவள் தயங்கினாள். மறுபடி சொன்னேன். அவள் எழுந்து சென்று, அந்தப் பிரம்புக் கூடையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து வந்தாள்.

அப்போது கதவு திறந்தது. நீலநிறத்தில் அகன்று விரிந்த உடையணிந்து தன் பதினைந்தாம் பிறந்தநாளைக் கொண்டாட வந்த பெண்ணொருத்தி, அவளுக்குப் பின்னே ஊதுபைக் கொத்துகளையும் உணவுத் தட்டங்களையும் ஏந்திய மெக்சிகோக் குடும்பம். உள்ளே ஆட்கள் இருப்பதைக் கண்டு, பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். டேல் கடிகாரத்தைப் பார்த்தார். பின்பு நெல்டாவைப் பார்த்தார். மணி நான்கு.

நாற்காலிகளை மடக்கும் ஓசை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. நெல்டா மேலிருந்த கருவியை என்னிடம் தந்தார். உங்கள் மொழி மூச்சு வாங்காமல் ஓடுகிறது, கேட்பதற்கு நன்றாக இருந்தது என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, வாசிக்காத தம் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் அவர் மகன் பெரிய சரக்குவண்டி ஒன்றை இயக்கத்திலேயே வைத்துக் காத்திருந்தார். பின்புறம் பெட்டிகளும் ஒரு கைப்பிடி நாற்காலியும் தார்ப்பாய் போர்த்திக் கட்டப்பட்டிருந்தன. இங்கேயே நின்று வாசித்துவிடலாமே என்றார் டேல். மகன் வடதிசை வானத்தைக் காட்டினார். அடிவானம் கருநீலமாகத் திரண்டிருந்தது. ஓக்லஹோமா எல்லையில் புயல்மழை எச்சரிக்கை விடுத்திருக்கிறார்களாம். நெல்டா, விடுங்கள், போகட்டும் என்று கையசைத்தார். அவருடைய கருவிப்பெட்டியின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. உள்ளே அசையாமலிருக்க ஏதேனும் வேண்டும். டேல் தம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். நடுவே நிறுத்தி, இதற்குப் பயன்படுத்தலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தேன். அவரும் சமீமாவுமாக அதை நான்காக மடித்து, நரம்புகளின்மேல் சுற்றி, கருவியைப் பெட்டியில் இறக்கினர். எந்தத் தோளில் கிடந்தபோதும் அந்தத் துணி அவ்வளவு பொருந்தியதில்லை.

நெல்டா சமீமாவைத் தழுவிக்கொண்டார். நான் அருகே சென்று, மகளிடம் "அம்மா, நான் சொல்வதை அவரிடம் அப்படியே..." என்று தொடங்கினேன்.

"வேணாம் வாப்பா. அவங்க கிளம்பட்டும்" என்றாள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் அவருடைய நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது அப்போது உறைத்தது. விலகி நின்றேன். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

திரும்பும் வழியில் ஃபோர்ட் வொர்த்தைக் கடந்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. என்னை ஏன் அமரச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன் வாப்பா. ரெண்டு தடவை."

"மொழிபெயர்ப்பிலும் பாதியை விட்டுவிட்டாய்."

"பாதிக்கு மேல விட்டேன். சீக்கிரம் முடிச்சிடுவீங்கன்னுதான்." சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் மேலும் சொன்னாள்: "அவங்க கோவிச்சுக்கிட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல."

வீடு சேர்ந்ததும் என் கைப்பேசிக்குப் படத்தை அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. நடுவில் பொன்னாடையோடு டேல். அவர் கையைப் பற்றியபடி நெஞ்சு நிமிர்த்திய நான். எனக்குப் பின்னே, பலகணி வெளிச்சத்தில், மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரு கருவிகளைச் சுமந்து அமர்ந்திருக்கும் நெல்டா. அவர் கண் படமெடுப்பவளை நோக்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்த பக்கம் நோக்கியிருந்தது. அந்தப் படத்தை நான் எவருக்கும் அனுப்பவில்லை.

எஞ்சிய நாள்களில் காணத்தக்க இடங்கள் சிலவற்றுக்கு மருமகன் அழைத்துச் சென்றார். டாலஸ் நகரத்து அருங்காட்சியகம் கண்டேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. சென்ற இடமெல்லாம் ஒன்றையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர் விழாக்களில், நேரமின்மை கருதி என்னும் தொடரைக் கேட்டு, கட்டிய சலங்கையை அவிழ்த்தவர்களையும் குடத்தையும் வில்லையும் மறுபடி வண்டியில் ஏற்றியவர்களையும் மேடையின் மேலிருந்து நானும் கண்டிருக்கிறேன். நேரம் எங்கே போயிற்று என்று அப்போதெல்லாம் நான் எண்ணியதில்லை. வெதர்ஃபோர்ட் வட்டத்தில் மேடை இல்லை. அதனால் நேரம் எங்கே போயிற்று என்பது அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை, செயலாளர் மீண்டும் அழைத்தார். வில்லுப்பாட்டை முதலில் வையுங்கள், என் உரை கடைசியில் இருக்கட்டும் என்றேன்.

"வில்லுப்பாட்டு முடிஞ்சா கூட்டம் எந்திரிச்சுப் போயிருமேங்கய்யா. யாருக்குப் பேசுவீங்க?"

போகட்டும் என்றேன். அவர் என் உடல்நலம் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அன்று அஸர் தொழுகைக்குப்பின் சமீமா அலுவலக வேலையை முடித்துக் கீழே வந்தாள். பெட்டிகள் கட்டி வாயிலருகே நின்றன. நெல்டா மிசூரியிலிருந்து செய்தி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். பத்திரமாகச் சேர்ந்துவிட்டார், அங்கே பக்கத்தில் வட்டம் எதுவும் இல்லை, தேடிப் பார்க்க வேண்டும். பொன்னாடைக்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தார்.

அந்தப் பாட்டு எப்படி இருக்கும், வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது வாப்பா. அது அவங்க மட்டும்தான் வாசிப்பாங்க. அவங்க டியூனிங் வேற, எங்களுது வேற. எங்களுக்கு அந்த ட்யூன்ல கீழ ரெண்டு கம்பிதான். ட்ரோன்தான் எனக்குத் தெரியும்."

"அதை வாசி."

அவள் கருவியை மடியில் கிடத்தி, ஒத்து நரம்புகள் இரண்டை மட்டும் மீட்டத் தொடங்கினாள். நடை மூன்றடி, மெல்ல ஆடி வந்தது. ஓரிடத்தில் வேகம் சிறிது தணிந்தது, பின் எழுந்தது. ஏறுமுகமாக ஏதோ அங்கே நடக்கிறது என்று கை காட்டியது, நடப்பது கேட்கவில்லை. பலகணிக்கு வெளியே எதிர்வீட்டார் புல்வெட்டும் பொறியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இரண்டாம் சுற்று முடிந்தது. மூன்றாம் சுற்றின் கடைசியில் அவள் கை நரம்பைத் தொடாமல் காற்றில் நின்றது.

"இந்த இடத்துல அவங்க கொஞ்சம் நிறுத்துவாங்க. நாங்க வெயிட் பண்ணுவோம்" என்றாள்.

காத்திருந்தோம். பிறகு ஒருமுறை மீட்டி முடித்தாள். ஒலி அடங்கும்வரை மரவுடலின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க வாப்பா."

நல்ல தமிழ்ச்சொல் ஒன்று என்னிடம் இருந்தது. அன்று வண்டியில் நானே ஆக்கியது. அதை விட்டுவிட்டேன்.

"பாஸ்" என்றேன்.